முடியாது என்று சொல்

“வாயை முழுசா மூடாத. லேசாத் தொறந்தே இருக்கட்டும்” என்றாள் நாடீன்.

டெல்மர் வாயைத் திறந்தான்.

“அப்படி இல்ல. சர்ச்சுல பாட்டுப் பாடப் போறவன் மாதிரி இருக்கு. தொங்கணும்.”

“தொங்குறதுக்கு என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக் கூடாது. அதைத்தான இவ்வளவு நேரமா சொல்லிட்டிருக்கேன். கம்பெனிலேருந்து வர்றவ பேனாவை நீட்டினா வாங்காத. சீப்பைக் குடுத்தா மடியில வச்சுக்க. முடியுமான்னு கேட்டா முடியாதுன்னு சொல்லு. எங்க, சொல்லு பாப்போம்.”

“முடியாது.”

“நல்லா இருக்கிறவன் சொல்ற மாதிரி இருக்கு.”

“நல்லாத்தான இருக்கேன்” என்றான் டெல்மர்.

நாடீன் கையிலிருந்த கரித்துணியை மேசைமேல் எறிந்தாள். தம்பிக்கு மூளை மட்டும் அடிபடாமல் தப்பித்தது என்று எட்டு வருஷமாகக் கடவுளுக்கு நன்றி சொல்லி வந்தவள், இன்றைக்கு அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமோ என்று நினைத்தாள்.

டெல்மர் கேகிளுக்கு ஐம்பத்தேழு வயது. கிழக்கு டென்னஸி மலைகளில் மரக்கட்டை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு வளைவில் லாரி புரண்டு கழுத்தெலும்பு நொறுங்கியது. கால்கள் பேருக்கு இருந்தன; எப்போதாவது விறைத்துக்கொண்டால் ஒரு நிமிஷம் தாங்கும். இடது கை மடியில் கிடக்கும். வலது கை பாதி வேலை செய்யும். தடித்த பிடி போட்ட கரண்டியைக் கொடுத்தால் தானே சாப்பிடுவான். மலமும் சிறுநீரும் அவன் பேச்சைக் கேட்பதில்லை. அவன் மனைவி ஒரு வருஷம் பார்த்தாள். ஃப்ளோரிடாவில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாள். அதன்பிறகு அக்கா நாடீன் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு அறுபத்தொன்று, புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அவள் வேலைக்குப் போகும் நேரம் முழுவதும் டெல்மரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, புரட்டிப் போட்டு, சோறு கொடுத்துப் பார்த்துக்கொள்ள மிஸ்டி என்ற பெண் வருவாள்.

மிஸ்டிக்குச் சம்பளம் கொடுப்பது ஏழைகளுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு. பணம் அரசாங்கத்தினுடையது, அதை எடுத்துக் கொடுக்கும் கை ஒரு கம்பெனியினுடையது. தலைக்கு இவ்வளவு என்று மாதா மாதம் அரசாங்கத்திடம் வாங்கிக்கொள்ளும் கம்பெனி. செலவழிக்காமல் மிஞ்சியது கம்பெனிக்கு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர்கள் அளப்பதில் கெட்டிக்காரர்கள். போடுவதில்தான் கை வராது.

யாருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று அளப்பதற்கு வருஷத்துக்கு ஒருமுறை ஆள் வரும். இதுவரை வந்துகொண்டிருந்த கிழட்டு நர்ஸ் ஆப்பிள் கேக்கைத் தின்றுவிட்டு, போன வருஷம் எழுதியதையே எழுதிவிட்டுப் போவாள். அவள் ஓய்வு பெற்றுவிட்டாள். புதிதாக வந்திருப்பவள் யாருடைய கேக்கையும் தின்பதில்லை என்று மிஸ்டி செய்தி கொண்டுவந்தாள். ஓடைப் பக்கம் இருக்கும் லோரீன் கிழவியையும் மிஸ்டிதான் பார்த்துக்கொள்கிறாள். புதியவள் போய்ப் பார்த்ததும் கிழவிக்கு ஆள் வரும் மணி நேரம் பாதியாகிவிட்டது.

“என்ன ஆச்சு தெரியுமா மிஸ் நாடீன்? கிழவி கொல்லையில இருந்த தக்காளியக் காட்டி, நான் போட்டதுன்னு பெருமையடிச்சிருக்கு. போட்டது அவங்க மருமக. அந்தம்மா உடனே எழுதிக்கிச்சு, தோட்ட வேலை செய்யுதுன்னு.”

இந்த மலைக்காரர்களுக்கு அப்படி ஒரு வியாதி. வெளியாள் வாசலில் நின்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டால் போதும், சாகக் கிடக்கிறவனும் எழுந்து உட்கார்ந்து “ஒரு குறையும் இல்ல” என்பான். மரம் அறுக்கும் ஆலையில் விரல் மூன்று போன ஒருவன், ஆம்புலன்ஸ் டிரைவர் கேட்டதற்கு, “நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?” என்று விசாரித்தானாம். நொண்டியென்றும் நோயாளியென்றும் அந்நியன் முன்னால் ஒப்புக்கொள்வது பிச்சைக்குக் கை நீட்டுவதற்குச் சமம். பிச்சை எடுத்ததில்லை என்பது ஒன்றுதான் அவர்களுடைய சொத்து. அதைக் கொண்டுபோய் எந்தக் கடையில் மாற்றுவது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

மணி நேரம் குறைந்தால் டெல்மரின் கதி என்ன என்று வீட்டில் இருவருக்கும் தெரியும். நாடீன் வேலையை விட்டால் அடுப்பு எரியாது. வேலைக்குப் போனால் டெல்மரைப் பார்க்க ஆளில்லை. மிச்சம் இருப்பது நெடுஞ்சாலை ஓரத்துக் காப்பகம். வயதானவர்களையும் முடமானவர்களையும் வரிசையாகக் கட்டிலில் போட்டு வைத்திருக்கும் இடம். டெல்மரின் பழைய கூட்டாளி ஹோபர்ட் அங்கேதான் கிடந்தான். டெல்மர் பார்க்கப் போனபோது ஹோபர்ட் தண்ணீர் தண்ணீர் என்று கத்திக்கொண்டிருந்தான். தண்ணீர்க் குவளை பக்கத்து மேசையில்தான் இருந்தது. அவனுக்கும் எட்டவில்லை, சக்கர நாற்காலியில் இருந்த டெல்மருக்கும் எட்டவில்லை. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் டெல்மர், “என்னை அங்க மட்டும் போட்றாத நாடீன்” என்றான். போடமாட்டேன் என்று அவள் சொன்னாள். இந்தக் கதையில் பணயம் அந்த ஒரு சொல்தான்.

அதனால்தான் பாடம். வாய் தொங்குவது ஓரளவு வந்தது. சீப்பை மடியில் வைத்துக்கொள்வதும் வந்தது. பிறகு நாடீன் கடைசிப் பாடத்துக்கு வந்தாள்.

“அன்னைக்குக் காலைல மிஸ்டி உனக்கு டயப்பர் மாத்த மாட்டா. அந்தப் பொண்ணு வந்துட்டுப் போறவரைக்கும் அப்படியே இரு. நாறட்டும். அதுக்கு மேல சாட்சி வேணாம்.”

டெல்மர் ஜன்னலைப் பார்த்தான்.

“அந்தப் பொண்ணுக்கு என்ன வயசிருக்கும்?”

“முப்பதுகூட இருக்காதுங்குறா மிஸ்டி. எதுக்குக் கேக்குற?”

“ஒரு பொம்பளப் புள்ள முன்னாடி அப்படி உக்கார என்னால முடியாது நாடீன்.”

“இந்த முடியாதுதான் எனக்கு வேணும். இதே குரல்ல அவகிட்டச் சொல்லு.”

“வெளையாடாத.”

“யாரு வெளையாடுறா? காப்பகத்துக்குப் போனா நாலு பொண்ணுங்க மாறி மாறி வந்து உன்னைப் புரட்டிக் கழுவுவாளுங்க, கதவக்கூடச் சாத்தாம. அப்போ உன் மானத்தை எங்க கொண்டுபோய் வச்சுக்குவ?”

கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் எப்படி என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தான் கேட்டது என்ன என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததால் இன்னும் கொஞ்சம் ஆத்திரம் வந்தது.

வீட்டைத் துடைக்கப் போவதில்லை என்று நாடீன் முடிவு செய்திருந்தாள். சிங்க்கில் பாத்திரம் கிடக்கட்டும், தரையில் காபிக் கறை இருக்கட்டும், கஷ்டப்படுகிற வீடு கஷ்டப்படுகிற வீடு மாதிரி இருக்கட்டும். முந்தின நாள் சாயங்காலம் அந்தக் காபிக் கறையைப் பார்த்தாள். வெளியாள் மிதிக்கும் இடம் என்று அதை மட்டும் துடைத்தாள். அதைத் துடைத்ததும் பக்கத்துத் தரை அழுக்காகத் தெரிந்தது. படுக்கப் போகும்போது ஜன்னல் கண்ணாடி வரைக்கும் பளபளத்தது, மேசையில் வெண்ணெய் கேக் ஒன்று மூடியிருந்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து பார்த்தால், டெல்மர் முகம் மழித்து, தலை சீவி, வெள்ளைச் சட்டையில் பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தான். சவரச் சோப்பு மணந்தது. வேறெந்த நாற்றமும் இல்லை.

“கெஞ்சினாரு மிஸ் நாடீன். அழுதுட்டாரு. நான் என்ன செய்யட்டும்?” என்றாள் மிஸ்டி.

நாடீன் தம்பியின் சட்டையைக் கழற்றக் கை நீட்டினாள். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

வந்தவள் பெயர் கென்ட்ரா. சிரித்த முகம். கையில் டேப்லெட். நாயைத் தடவிக்கொடுத்தாள். வீடு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று வியந்தாள். கேக் வேண்டாம் என்று மூன்று முறை மரியாதையாகச் சொன்னாள். அவளை வெறுப்பதற்கு நாடீன் எவ்வளவோ முயன்றாள். பிடி கிடைக்கவில்லை.

“எப்படி இருக்கீங்க மிஸ்டர் டெல்மர்?”

“ஒரு குறையும் இல்ல மேம். என்னைவிட மோசமா எத்தனையோ பேர் இருக்காங்க.”

நாடீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

“அவன் சும்மா சொல்றான். நேத்து முழுக்கப் படுக்கையில கெடந்தான்” என்றாள்.

“அக்காவுக்கு எப்பவும் கவலைதான்” என்றான் டெல்மர், சிரித்துக்கொண்டு. லாரி ஓட்டிய காலத்தில் சாலையோரச் சாப்பாட்டுக் கடைப் பெண்களிடம் சிரித்த சிரிப்பு. எட்டு வருஷமாக அதை நாடீன் பார்க்கவில்லை.

சீப்பைக் கொடுத்தாள் கென்ட்ரா. சீவினான். “அடடா, நல்லாப் பண்றீங்களே” என்றாள். பேனாவைக் கொடுத்தாள். பேர் எழுதினான். “கையெழுத்து என்னோடதைவிட நல்லா இருக்கு” என்றாள். அவள் பாராட்டுகிற ஒவ்வொரு முறையும் டேப்லெட்டில் ஒரு விரல் விழுந்தது. ஒவ்வொரு விரலுக்கும் மிஸ்டியின் நேரத்தில் கொஞ்சம் போகிறது என்று நாடீனுக்குத் தெரியும். டெல்மருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் எட்டு வருஷமாக அவனை யாரும் பாராட்டியதில்லை. குளிப்பாட்டியிருக்கிறார்கள், ஊட்டியிருக்கிறார்கள், பாவம் என்றிருக்கிறார்கள். அதெல்லாம் பாராட்டு ஆகுமா?

“வீட்டுக்கு வந்தவங்களுக்குக் காபிகூடக் குடுக்கலையே” என்றான் திடீரென்று. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அடுப்பு மேடைக்குப் போனான். வலது கையால் மேடை விளிம்பைப் பிடித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு தன்னை மேலே இழுத்தான். நின்றான். மேடையில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, நடுங்கும் கையால் காபிக் குடுவையைத் தூக்கிக் கோப்பையில் ஊற்றினான். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

“எழுந்து நிப்பீங்கன்னு யாரும் சொல்லவே இல்லையே” என்றாள் கென்ட்ரா. அவள் கண்ணில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

“தினமும் செய்யறதில்லம்மா. இன்னைக்கு நின்னதுக்கு ரெண்டு நாள் படுப்பான். நீ போனதுக்கப்புறம் வந்து பாரு” என்றாள் நாடீன்.

“எனக்குப் புரியுது மிஸ் நாடீன். ஆனா என் கண்ணால பாக்குறதைத்தான் நான் எழுத முடியும்.”

அந்தக் காபியை மட்டும் அவள் குடித்தாள்.

கார் போன சத்தம் அடங்குவதற்குள் டெல்மர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தான். கால்கள் தாமாக உதறிக்கொண்டன. வெள்ளைச் சட்டையில் வாந்தி எடுத்தான். மிஸ்டி ஓடி வந்தாள். நாடீன் கையை நீட்டி அவளைத் தடுத்தாள்.

“விடு. அவனா எந்திரிச்சான்ல? அவனே எந்திரிக்கட்டும்.”

“மிஸ் நாடீன்…”

“நீ வீட்டுக்குப் போ மிஸ்டி.”

மிஸ்டி போய்விட்டாள். நாடீன் மேசையில் உட்கார்ந்து, தம்பி ஊற்றிய குடுவையில் மிச்சமிருந்த காபியை ஊற்றிக் குடித்தாள். ஒரு துண்டு கேக் வெட்டித் தின்றாள். தரையில் கிடந்தவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் உடனே தூக்கியிருப்பாள். கேக் முடிந்த பிறகுதான் எழுந்து போய் அவன் அக்குளில் கை கொடுத்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதற்காக அவள் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

கடிதம் வந்தது. திரு. டெல்மரின் தற்சார்பு இவ்வளவு முன்னேறியிருப்பதில் கம்பெனிக்கு மகிழ்ச்சியாம். வாரத்துக்கு நாற்பது மணி நேரம் இனித் தேவையில்லை, பதினைந்து போதும் என்று கண்டிருந்தது. நாடீன் மேல்முறையீடு செய்தாள். விசாரணை போனில் நடந்தது. கம்பெனியின் டாக்டர் வேறு ஏதோ மாநிலத்தில் உட்கார்ந்திருந்தார். டெல்மரைப் பார்த்ததில்லை.

“விருந்தாளிக்கு அவர் காபி ஊத்திக் குடுத்தாரா இல்லையா?”

“ஊத்தினான் சார், ஆனா அது…”

“நின்னுகிட்டா, உக்காந்துகிட்டா?”

“நின்னுகிட்டுத்தான். ஆனா நீங்க அதுக்கப்புறம் என்ன…”

“நன்றி மேம்” என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு மிஸ்டி காலையில் வந்து, குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஓடிவிடுவாள். நாடீன் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் வரை அவன் அப்படியே இருப்பான். மடியில் ஒரு ரொட்டி, கழுத்தருகே உறிஞ்சுகுழாய் போட்ட தண்ணீர். குளிர்காலம் வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, ஈரத்திலேயே ஊறி, முதுகெலும்பின் அடியில் ஒரு சிவப்பு வட்டம் தோன்றியது. நாடீன் களிம்பு போட்டாள். ராத்திரி முழுவதும் எழுந்து எழுந்து புரட்டிவிட்டாள். பகலில் புரட்ட ஆளில்லை. வட்டம் கறுத்தது, உடைந்தது, குழியானது. “வலிக்குதா?” என்று கேட்டால், “ஒரு குறையும் இல்ல” என்பான். அங்கே அவனுக்கு உணர்ச்சி கிடையாது, அதனால் அது பொய்யும் இல்லை. காய்ச்சல் ஏறி வாய் பிதற்றத் தொடங்கியபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சதையை வெட்டி எடுத்தார்கள். திரும்பி வந்தபோது ஒரு கைமுஷ்டி உள்ளே போகும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. அடியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

அதை முதன்முதலில் பார்த்தபோது நாடீன் மனசில் வந்தது என்ன தெரியுமா? இப்ப எழுதுடீ பாப்போம் என்பதுதான். அழுகை அப்புறம்தான் வந்தது. பெற்ற தாய் பார்த்திருந்தால் செருப்பால் அடித்திருப்பாள். ஆனால் வந்தது அதுதான்.

மறு அளவுக்குக் கேட்டாள். கென்ட்ராவே வந்தாள்.

இந்த முறை யாரும் தரையைத் துடைக்கவில்லை. கேக் இல்லை. டயப்பர் காலையிலிருந்து மாற்றவில்லை. டெல்மர் ஆட்சேபிக்கவும் இல்லை. வாய் தானாகவே தொங்கியது. கென்ட்ரா எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அவன் நாடீனைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

“முடியல” என்றான்.

“தலை சீவ முடியுமா?”

“முடியாது.”

“தானா சாப்பிட முடியுமா?”

ஒரு நொடி தயங்கினான். காலையில்தான் அவனே சாப்பிட்டிருந்தான். “முடியாது” என்றான்.

நாடீன் அவனைப் பக்கவாட்டில் புரட்டிக் கட்டைப் பிரித்துக் காட்டினாள். “நல்லாப் பாரு. கண்ணால பாக்குறதைத்தான எழுதுவ? குனிஞ்சு பாரு.” கென்ட்ரா குனிந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்து அழுதாள். நாடீன் அவள் பக்கத்தில் போய் நின்றாள். ஆறுதல் சொல்ல இல்லை. நன்றாக அழட்டும் என்று நின்றாள்.

“எல்லாத்தையும் எழுதுறேன் மிஸ் நாடீன். ஒண்ணு விடாம எழுதுறேன். சத்தியமா” என்றாள் கென்ட்ரா.

சொன்னபடியே ஒன்று விடாமல் எழுதினாள். நல்ல பெண். அன்றைக்கு ராத்திரி நாடீன் டெல்மரைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். “இதை முன்னாடியே செஞ்சிருந்தா என்னடா? இனி கவலையில்ல. மிஸ்டி முழு நேரமும் வந்துருவா” என்றாள்.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. இனிமையான ஆண் குரல். திரு. டெல்மரின் நிலை மிகவும் மோசமாக இருப்பதை அவர்கள் புரிந்துகொண்டார்களாம். எழுதியிருப்பதைப் பார்த்தால் அவருக்கு இராப்பகலாக ஆள் வேண்டும், புரட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும், கட்டுப் போட நர்ஸ் வேண்டும். காப்பகத்தில் வைப்பதற்கு ஆகிற செலவைவிட வீட்டில் வைப்பதற்கு அதிகமானால், வீடு என்ற பேச்சுக்கே இடமில்லை, அது விதி. தவிர, வீட்டில் அவருக்குப் பாதுகாப்பும் இல்லை, அந்தப் புண்ணே அதற்கு அத்தாட்சி. ஆகவே வீட்டு உதவி முழுவதும் நிறுத்தப்படுகிறது, காப்பகம் அனுமதிக்கப்படுகிறது.

“எனக்கு நாற்பது மணி நேரம் மட்டும் குடுங்க சார். பழையபடி. அது போதும்.”

“அவருக்கு அது போதாதுன்னு நீங்கதானே மேம் காட்டியிருக்கீங்க?”

முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது என்று கழுதையைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் கழுதைக்குக்கூட இரண்டு பக்கம்தான் உண்டு. எட்டு வருஷத்தில் கம்பெனி கேள்வி கேட்காமல், இழுத்தடிக்காமல், ஒரே நாளில் அனுமதித்த ஒரே காரியம் அந்தக் காப்பகம்தான்.

நாடீன் விடவில்லை. லீவு போட்டுவிட்டுத் தனியாகப் பார்த்துக்கொள்ள முயன்றாள். மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து தூக்கும்போது இடுப்புப் பிடித்து அவனைக் கீழே போட்டுவிட்டாள். இருவரும் தரையில் கிடந்தார்கள். எழுந்து போன் வரைக்கும் போக அவளுக்கு மதியம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்தும் கேட்டார்கள், திங்கட்கிழமை வருவாயா, வேறு ஆள் பார்க்கட்டுமா என்று.

“போலாம் நாடீன்” என்று டெல்மர்தான் சொன்னான். அவள் கொடுத்த வாக்கை அவளாக உடைக்கட்டும் என்று அவன் விட்டிருக்கலாம். அப்படி விடாமல் தானே சொன்னது அவன் செய்த தயவு. அதற்காக அவனை அவளால் மன்னிக்க முடியவில்லை.

காப்பகத்தில் முதல் நாள் சாப்பாட்டுத் தட்டு வந்தது. மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி, இறைச்சி உருண்டை. நாடீன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தடித்த பிடிக் கரண்டியை அவன் கையருகே வைத்தாள்.

“தானா சாப்பிடுவாரா?” என்று கேட்டாள் பணிப்பெண்.

“சாப்பிடுவான்” என்றாள் நாடீன்.

“முடியாது” என்றான் டெல்மர்.

“டெல், கரண்டியை எடு.”

அவன் கையை மடியில் போட்டுக்கொண்டான். வாயைத் தொங்கவிட்டான். அச்சு அசல் அவள் சொல்லிக்கொடுத்தபடி.

“ஊட்டிவிடுற மேசைக்குக் கொண்டுபோங்க” என்று பணிப்பெண் யாரிடமோ சொன்னாள். கூடத்தின் கோடியில் ஒரு மேசை இருந்தது. அதைச் சுற்றி வாயைத் திறந்துகொண்டு பத்துப் பேர். ஊட்ட ஒரே ஒருத்தி. முறை வருவதற்குள் சோறு விறைத்துவிடும்.

“பொய் சொல்றான்மா. அவனால முடியும். நேத்துக்கூடச் சாப்பிட்டான்” என்றாள் நாடீன்.

“எல்லாக் குடும்பமும் இப்படித்தான் சொல்லுது மேம்” என்றாள் பணிப்பெண். அவளுக்கு வேறு வேலை இருந்தது.

நாடீன் குனிந்து அவன் காதில் பேசினாள். “இனிமே யாரும் அளக்க வரப் போறதில்லடா. சாப்பிடு.”

“நீ சொன்ன மாதிரிதான இருக்கேன்” என்றான் அவன். “இப்ப நல்லா இருக்கா? தொங்குதா?”

கண்ணில் ஒரு குறும்பு இருந்தது; குறும்புக்கு அடியில் குறும்பு இல்லாத ஒன்றும் இருந்தது. நாடீன் கிளம்பிப் போனாள்.

அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தாள். வாரா வாரம் கரண்டியை வைத்தாள். வாரா வாரம் அவன் வாயைத் திறந்தான், அவள் ஊட்டினாள். அவளைத் தண்டிக்க அவனிடம் வேறு ஆயுதம் இல்லை. அது அவளுக்கும் தெரியும். வாங்கவேண்டியதை வாங்கிக்கொள்கிறேன் என்று ஊட்டிவிட்டாள். வார நாட்களில் அவன் அந்தக் கோடி மேசையில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தான். காத்திருந்து பாதிதான் கிடைத்தது. கன்னம் ஒட்டிப்போனது.

வசந்தம் பிறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது, டெல்மர் அவளுக்காகவே காத்திருந்ததுபோல் இருந்தான்.

“இன்னைக்கு நானே சாப்பிடுறேன். போதும், உன்னைப் படுத்தினது” என்றான்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கரண்டியை எடுத்துக் கொடுத்தாள். அவன் வலது கையைப் பார்த்தான். கை அசையவில்லை. வாரக்கணக்கில் மடியிலேயே கிடந்து, விரல்கள் உள்ளே மடங்கி இறுகிப்போயிருந்தன. நாடீன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கரண்டியின் பிடியை உள்ளே வைத்தாள். விட்டதும் கரண்டி நழுவித் தட்டில் விழுந்தது. மறுபடியும் வைத்தாள். மறுபடியும் விழுந்தது. அவன் நெற்றியில் நரம்பு புடைத்தது. லாரியை மேட்டில் ஏற்றுகிறவன் மாதிரி மொத்த உடம்பாலும் முயன்றான். ஒரு விரல் லேசாகத் துடித்தது, அவ்வளவுதான்.

அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பயந்துபோனான்.

“நாடீன், நான் வெளையாட்டுக்குத்தான் செஞ்சேன்” என்றான்.

“தெரியும்” என்றாள் நாடீன்.

“நெஜமா முடியும். உனக்குத் தெரியும்ல? நீ பாத்திருக்கல்ல?”

“பாத்திருக்கேன்டா.”

பணிப்பெண் வந்து, எல்லாத் தட்டையும் எடுக்கப் போகிறோம், சீக்கிரம் ஆகட்டும் என்றாள். நாடீன் விழுந்த கரண்டியைத் தன் பாவாடையில் துடைத்து, பட்டாணியை அள்ளி அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் வாயை இறுக மூடிக்கொண்டான்.